குவைத்துக்கும் மார்த்தாண்டத்துக்கும் எவ்வளவு தூரம்

— பெட்டிய அப்புறம் வண்டியில ஏத்தலாம், ஷிஜி. குவைத்துல இருந்து திருவனந்தபுரத்துக்கு எத்தன மணிக்கூர்?

— பஸ் ஸ்டாண்டுல வச்சு கேக்க கேள்வியா இது? எப்பவும் சொல்லுததுதான். ஒரு பகலும் ஒரு ராத்திரியும் ஆவும். இடையில கொழும்புல இறங்கிக் கிடக்கணும்லா.

— நம்ம ஜின்சி போனுல பாத்தா. மூவாயிரத்து எண்ணூறு கிலோமீட்டராம். நேரா பறந்தா அஞ்சு மணிக்கூராம். அம்மா மட்டும் மாட்டுவண்டியிலயாப்பா வாறான்னு கேக்குதா. பிள்ளைக்கு நான் என்ன சொல்ல?

— நேர் பிளைட்டுக்கு ரூவா கூடுதல்னு சொல்லுங்க.

— கொள்ளாம், நல்ல பதிலு. தலமுடி எப்பிடி ஈரமா இருக்கு?

— ஏர்போட்டுல குளிச்சேன்.

— அங்க குளிச்ச ஈரம் மார்த்தாண்டம் வர காயல்லியா? பஸ்ஸுல அம்புட்டு காத்து அடிச்சிருக்கும். கண்ணுல ஒறக்கச் சடவும் இல்ல. வருசா வருசம் இதே கததான். ஏர்போட்டுக்கு நான் வரக்கூடாது, இங்க வந்துதான் நிக்கணும். யாருட்டி அவன்?

— எவன்?

— மிச்ச நேரம் எங்க இருந்தன்னு கேக்கேன்.

— ஒறங்கினேன்.

— எங்க?

— அந்தா, அந்த லாட்ஜில. மாடியில மூலை ரூமு. கதவ பூட்டிட்டு, தனியா.

— இரணியல்ல சொந்த வீடு கிடக்கு. உனக்கு லாட்ஜிலதான் ஒறக்கம் வருமோ?

— வீட்டுல யாரு ஒறங்க விடுதா? வாசல்ல கால் வைக்குமுன்ன மாமிக்கு பிரஷர் பாக்கணும். நர்சு வந்தாச்சுன்னு அயலத்துக்காரி ஊசி மருந்தோட நிப்பா. உங்க அக்கா பெட்டிய பொளந்து கோடாலி தைலம் தேடுவா. ராத்திரியானா நீங்க. வருசத்துல ஒரு நாளு, யாருக்கும் ஒண்ணும் செய்யாம கிடக்கணும்னு தோணிச்சு. அதான் பிளைட்டு நேரத்த நீட்டிச் சொன்னேன்.

— நல்லா கத சோடிக்க. கதவும் ஜன்னலும் சாத்திக் கிடந்தா உள்ள எத்தன பேருன்னு யாருக்குத் தெரியும்?

— வாருங்க. லாட்ஜ நடத்துத அக்காட்ட நீங்களே கேளுங்க.

— வேண்டாம். விடு. வீட்டுக்குப் போவோம்.

— இம்புட்டும் கேட்டாச்சுல்லா, வாங்க. செல்லக்கனி அக்கா! நாலு வருசமா நான் இங்க யாரு கூட தங்குதேன்னு கொஞ்சம் சொல்லுங்க.

— யாரு கூடயா? நீ ஒத்தைக்கில்லா வந்து சவம் மாதிரி ஒறங்குவ. ஆமா, உன் பின்னால நிக்கது யாரு?

— என் மாப்பிள, ரெஜின்.

— மாப்பிளயா! எம்மா, நீ வாற அன்னைக்கெல்லாம் எதிர்த்த சாயாக்கடையில இருந்து உன் ஜன்னலயே பாத்துட்டு இருக்க ஆளுல்லா இது! நீ பயந்திருவன்னு உங்கிட்ட சொல்லல்ல மக்கா, இந்தத் தடவ போலீசுல சொல்லணும்னு இருந்தேன்.