ஏழாம் பாய்

— சோமசேகரம் ஐயா, இந்த ஏழாம் ஆள் நடிக்கிற மாதிரித் தெரியல்ல.

— சும்மா இருங்கோ ஷிஃபானா மிஸ்ஸி. தாக்குதல் ஒத்திகையெண்டா இப்பிடித்தான் நடிக்கவேணும்.

— உதடு நீலமாக் கிடக்கு.

— றுஷ்தா மிஸ்ஸி காலமை எல்லாருக்கும் நீலச் சாயம் பூசினவ. பயங்கரவாதி துறைமுகத்தில செயற்கைப் போதைத்தூள் தூவினா உதடு நீலமாகுமெண்டு நீங்கள்தானே ஆஸ்பத்திரி வகுப்பில சொல்லித்தந்தனீங்கள்?

— அல்லாவே, மூச்சும் மெல்லமா இழுக்குது. நிமிசத்துக்கு ஆறுதான் எண்ணினன். தட்டிக் கூப்பிட்டாலும் அசையிறாரில்ல.

— அசைஞ்சா மத்தியானம் சாப்பாட்டுப் பாசல் இல்லையெண்டு சொல்லி வைச்சிருக்கிறன். பேந்து ஆர் அசைவான்?

— ஆளை உங்களுக்குத் தெரியுமா?

— துறைமுகக் கூலியாளாக்கும். விடிய நான் இந்தக் கொட்டகைக்கு வரேக்கயே பாயில படுத்திருந்தார். ஏழாம் அட்டையை எடுத்துக் கழுத்தில கட்டிவிட்டன்.

— பேர் கேட்டீங்களா?

— நித்திரை கொள்ளுற மனுசனை எழுப்பிப் பேர் கேக்கிறதோ? பன்னிரண்டு பாய், பன்னிரண்டு பேர். சரிதானே?

— எனக்குச் சந்தேகமாத்தான் இருக்கு. ஒத்திகைக்குத் தந்த இந்த வெறும் ஊசி வேணாம். போதைத்தூளுக்கு மாத்து மருந்து, அந்த நலக்சோன் பெட்டியைத் திறங்கோ, ஒண்டு போட்டுப் பாப்பம். நடிக்கிறவரெண்டா அது அவரை ஒண்டும் செய்யாது.

— விசர்க் கதை! அது உண்மையான தாக்குதல் வந்தாப் போடுறதுக்கு வைச்ச மருந்து. முத்திரையை உடைச்சா, ஒத்திகை பாக்கக் கொழும்பால வந்து நிக்கிற அதிகாரியளுக்கு நான் என்ன சொல்லுறது?

— ஆள் மவுத்தாப் போனா என்ன சொல்லுவீங்க?

— சத்தம் போடாதேங்கோ, பாக்கினம். முந்தி மூண்டாம் ஆளுக்கும் இப்பிடித்தான் கத்திக்கொண்டு ஓடினீங்கள். அவர் எழும்பியிருந்து சிரிச்சவர். கொழும்பு ஆக்களும் சிரிச்சவை.

— ஓம்... வெக்கமாத்தான் போச்சு.

— பேந்தென்ன? ஏழாம் ஆளுக்கு மருந்து பிந்திப் போகுது, ஆள் சாகுது. ஒத்திகைக் கடதாசியில அப்பிடித்தான் எழுதிக் கிடக்கு. செத்தவைக்குக் கட்டுற கறுப்பு அட்டையைக் கட்டிப்போட்டு எட்டாம் ஆளிட்டப் போங்கோ. நேரம் பிடிச்சுக்கொண்டு நிக்கினம்.

— மனசு கேக்குதில்ல ஐயா. இவர்ட கை குளிர்ந்து கிடக்கு.

— கடற்காத்துக்கு எனக்கும் குளிருது. கட்டுங்கோ மிஸ்ஸி.

— சரி... கட்டிட்டன்.

— மிஸ்ஸி, ஐயா, கோவிக்காதேங்கோ. உப்புவெளி பஸ் பிந்திப்போச்சு. நான் முருகேசு, ஏழாம் ஆளா நடிக்க வந்தனான். என்ர பாயில ஆர் படுத்திருக்கிறது?