ரெண்டு வெள்ளி

இரு வாத்தியாரே, இந்த தூரம் பாக்குற கொயாய புடுங்காத, இன்னும் கொஞ்சம் பாத்துக்கிறேன். இத்தினி நாளா வெள்ளின்னா முழு உருண்டன்னு நெனச்சிகினு இருந்தேன். இதுல பாத்தா பாதி தேங்கா மூடியாட்டம் கீது! மீதிய நீ சட்னிக்கி எடுத்துக்கினியா?

தேயுமா? நெலா கணக்காவா? சர்தான், அதுக்கும் அந்த நோவு கீது போல.

என்னைத் தெரியல? பக்கிரி. நொச்சிக்குப்பம். உங்கூட்டுக்கு மீன் கொண்டாற்றாளே தேசம்மா, அவ புருசன். இன்னாது, உங்கூட்டம்மாகிட்ட நல்லா பேசுறாளா? பேசுவா, பேசுவா. எங்கிட்ட ஒண்ணர வருசமா ஒரு வார்த்த கெடையாது. சோறு வெப்பா, கொயம்பு ஊத்துவா, வாய மட்டும் தொறக்கமாட்டா. அத்தொட்டுதான் உன்னாண்ட வந்தேன். எங்க ரெண்டு பேருக்கும் ஒரு வயக்கு. விடிவெள்ளி மொளைச்சிச்சின்னு நான் சொல்றேன், மொளைக்கவேயில்லன்னு அவ சொல்றா. நீ படிச்சவன், தீர்ப்பு சொல்லு.

ஆங், எப்போன்னு சொல்றேன் இரு. மொதல்ல நீ சொல்லு, அந்த மினுக்குறதெல்லாம் இன்னா? சூரியனா? ஒவ்வொண்ணுமா? யப்பா, ஒரு சூரியனுக்கே எம்முதுகு கருவாடா காயுது. அங்க கீறவனெல்லாம் இன்னாத்துக்கு ஆவான்!

இன்னாது? எப்பவோ கெளம்புன வெளிச்சமா? அது செத்தே பூட்டிருந்தாலும் நமக்கு வெளிச்சம் வந்துகினே இருக்குமா? சிரிக்காத, நான் நம்புறேன். எங்கூட்லயும் ஒருத்தி அப்டித்தான், ஆளில்லாத தட்டுக்கு தெனம் சோறு போட்றா.

ஒண்ணுமில்ல, வுடு. தோ, கெயக்கால கடலுக்கு மேல ஒண்ணு பெர்சா நிக்குதே, அது இன்னா? வியாழனா? காட்டு, காட்டு. அட, பக்கத்துல நாலு பொடிசுங்க! அதோட நெலாவுங்களா? நாலயும் பக்கத்துலயே வெச்சினு சுத்துதா? குடும்பஸ்தன்தான் போ. ஆமா வாத்தியாரே, இது இன்னா மினுக்கவேமாட்டேன்னுது? இதுவும் வெள்ளி ஜாதியா? எங்க குப்பத்துல மினுக்காம பெர்சா நின்னா விடிவெள்ளின்னுதான் கணக்கு. அது எழுந்துச்சின்னா எல்லா கட்டுமரமும் ஒண்ணா தண்ணில எறங்கும். கடியாரமா கீது எங்களாண்ட?

சரி, இப்ப சொல்லு. அந்தாண்ட கோபுரத்து மேல நிக்குது பாரு, சாயங்கால வெள்ளி. அதுவும் விடிவெள்ளியும் அண்ணன் தம்பிதானே?

ஒண்ணேவா? டபாய்க்காத. ஒரே ஆளு சாயங்காலம் மேக்கால, விடிகாலைல கெயக்காலயா? ஓ, கொஞ்ச மாசம் இங்க, கொஞ்ச மாசம் அங்கயா. அப்போ சாயங்காலம் ஜம்முனு நிக்கிற மாசத்துல விடிகாலைல வராது?

வரவே வராதா?

இல்ல, ஒண்ணுமில்ல. மணலு. கண்ணுல மணலு.

போன மார்கயிக்கு மிந்துன மார்கயி வாத்தியாரே. ஒரு சாயங்காலம் எம்புள்ள வேலு வலைய ஒதறிகினே, நைனா, கோபுரத்து மேல எவனோ வெளக்கு ஏத்திட்டு எறங்க மறந்துட்டான் பாருன்னான். எவ்ளோ பெர்சு! அவனுக்கு என் வாயி. நானும் சேந்து சிரிச்சேன். வெள்ளி மொளைச்சா எழுப்பு நைனான்னு சொல்லிட்டு மணல்லயே படுத்துகினான். எனக்கு கால்ல புண்ணு, நான் தண்ணில எறங்கல. எழுப்புறது மட்டும்தான் எம்பாடு. அப்பால கண்ண முயிச்சா, கெயக்கால பெர்சா, மினுக்காம... எட்டி உதைச்சேன் அவன. எயுந்திருடா சோமாரி, மத்தவன் மீனெல்லாம் வாரிகினு போய்ருவான்னு.

ஒரு மரமும் எறங்கல. சோம்பேறிப் பசங்கன்னு நெனச்சேன். தனியா தள்ளிகினு போனான். அப்பால விடியும் விடியும்னு குந்திகினு கீறேன், விடியவேயில்ல. அவ்ளோ நேரம் ராத்திரி மீதி இருந்துச்சி. மத்த மரமெல்லாம் எறங்கும்போது இவன் மரம் மட்டும் அலையில பொரண்டுகினு வந்துச்சி. கத்தியிருப்பான். கேக்க ஆளு வோணாமா?

என் ரெண்டு கண்ணால வெள்ளிய பாத்தேண்டீன்னு அவ தலைல அடிச்சி சத்தியம் பண்ணேன் வாத்தியாரே.

இந்தா, உன் கொயாயி. ஜாக்கிரதையா வெச்சிக்க. ஒரு ஒத்தாச பண்ணு. நாளைக்கு தேசம்மா கூடையோட உங்கூட்டுக்கு வருவா. வெள்ளி மொளைக்கல, நீ சொன்னதுதான் மெய்யின்னு அவகிட்ட நீயே சொல்லிடு. ஊரையே கிண்டல் பண்ற வாயி இது, அத்த மட்டும் சொல்ல வரமாட்டேன்னுது.