துரை திட்டும் குழி

“துரை திட்டுறதுக்காகத்தான் மச்சான் அந்த மணல் குழியே இருக்கு!”

பொல்லாரம் போகும் ரயிலில் இது காதில் விழுந்ததும் கையிலிருந்த புத்தகத்தை மூடிவிட்டேன். சொன்னவர் அங்குள்ள கோல்ஃப் மைதானத்தில் துரைகளின் மட்டைப் பையைத் தூக்குகிறவர். எதிரே, அதே மைதானத்தின் மேஸ்திரி வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

“தினம் பந்து அதுல விழுந்து கத்துறாரே, சந்தோஷப்படுவாருன்னு நேத்து மூடிட்டேன். மேல புல்லுகூடப் பதிச்சாச்சு.”

“கெட்டுது போ! குழியைத் தாண்டி நேரா அடிச்சா ஒரு தடவை அடிக்கிறது மிச்சம். தாண்டலைன்னா மணலுக்குள்ள. சுத்திப் போனா பயமில்ல, ஆனா கூடுதலா ஒரு தடவை அடிக்கணும். எப்படி அடிக்கலாம்னு யோசிக்கிறதுக்குத்தானே துரை வர்றாரு? குழி இல்லாட்டி அது வெறும் புல்லு.”

“வேலை போயிடுமா?”

“சாயங்காலம் வந்து பார்த்தார்னா போயிடும்.”

“அதுக்குள்ள தோண்டிடுறேன். ஆனா எந்த இடம்னே இப்பத் தெரியலையே!”

“துரை நின்னு அடிக்கிற இடத்துல நின்னு, பந்து போய்ச் சேர வேண்டிய கொடியைப் பாரு. நடுவுல எங்க பார்த்தா வயித்தைக் கலக்குதோ, அங்க தோண்டு.”

“எனக்கு எங்க பார்த்தாலும் கலக்குதே!”

“அப்ப நீ பார்க்கவே நக்கோ, வேணாம். நான் நின்னு கை காட்டுறேன், நீ மண்வெட்டியை எடு.”