சந்தில் சக்கை இல்லை

ரோங்: ...கதவைத் திறக்க இவ்வளவு நேரமா? நான் என்ன பொண்ணு கேட்டா வந்திருக்கேன்?

மிங்சியா: ஓ, நீங்களா... உங்க வீடு எதிர்ல இருக்கு. கதவு மாறி வந்துட்டீங்க.

ரோங்: நீங்களாம்ல! இத்தனை வருஷமா அக்கா, நீ, வா, போ. இப்ப எங்கேருந்து வந்துச்சு இந்த மரியாதை?

மிங்சியா: வந்த விஷயத்தைச் சொல்லுங்க.

ரோங்: சக்கை.

மிங்சியா: என்ன சக்கை?

ரோங்: உன் மருந்துச் சக்கைதான். தினமும் விடிஞ்சதும் சந்துல கொட்டுவியே, சரியா என் வாசலுக்கு நேரா... என் துணிச்செருப்பு அடியெல்லாம் ஒரே பட்டை வாசனை!

மிங்சியா: சந்து உங்க அப்பா போட்டதா? சக்கையை நடுவழியில கொட்டினா, போறவங்க வர்றவங்க மிதிச்சு நோயைக் கூட்டிட்டுப் போயிடுவாங்கன்னு ஊரே செய்யறதுதானே? உங்க வீட்டுக்காரர் இருமினப்ப நீங்க கொட்டலையா?

ரோங்: கொட்டினேன். யாரு இல்லைன்னா? நான் கேட்க வந்தது அதில்ல...

மிங்சியா: பின்ன?

ரோங்: கொஞ்ச நாளா... சந்து சுத்தமா இருக்கு.

மிங்சியா: அதுக்கும் சண்டையா! கொட்டினாலும் குத்தம், கொட்டாட்டியும் குத்தமா?

ரோங்: மருந்தை நிறுத்திட்டியா, மிங்சியா?

மிங்சியா: ...ஆமா. நிறுத்திட்டேன்.

ரோங்: அடிப்பாவி! பாதியிலயா?

மிங்சியா: கசக்குது. உடம்புல தண்ணி தேங்கியிருக்கு, வடியணும்னு அந்த நாட்டு வைத்தியர் கே அஞ்சு சரக்கு சேர்த்துக் கட்டிக் கொடுத்தாரு. சரின்னு குடிச்சா, அது மேல ஒரு கிண்ணம் சுடுதண்ணி வேற குடிக்கணுமாம். வெள்ளம் புகுந்த வீட்டுல யாராவது குடத்தால ஊத்துவாங்களா?

ரோங்: கால்வாய்க் கரையில பொறந்தவ பேசற பேச்சா இது! புதுத்தண்ணி வந்து தள்ளினாத்தானே தேங்கினது நகரும்?

மிங்சியா: வைத்தியம் படிச்சுட்டு வந்துட்டாங்க...

ரோங்: சிரிக்காதடி. பிளம் பழம் பழுக்கற மாசத்து அடைமழை இதோ வந்துட்டுது. போன மழைக்கு ரெண்டு காலும் வீங்கி, மாடிப்படி இறங்க முடியாம, ஜன்னல்லேருந்து கயித்துல கூடை விட்டுத்தான் காய் வாங்கின. ஆஸ்பத்திரியில இருதயம் பார்த்தாச்சு, சிறுநீரகம் பார்த்தாச்சு, எல்லாம் சரின்னுட்டாங்க. வைத்தியர் மருந்துல இப்பதான் ஏதோ... நீ நிறுத்திட்டா மறுபடியும் அந்தக் கூடைதான்.

மிங்சியா: எனக்குக் கூடை போதும். பூங்காவுல விசிறி ஆட்டத்துக்கு முன் வரிசை உங்களுக்குத்தானே? இடைஞ்சல் இல்லாம ஆடுங்க. "காலா அது, ஆவியில உப்பின மாண்டோ பன்னு"ன்னு அத்தனை பேரு முன்னாடி சொன்னது யாரு?

ரோங்: நான்தான்.

மிங்சியா: பின் வரிசை வரைக்கும் சிரிச்சாங்க.

ரோங்: விளையாட்டா வாய்ல வந்துடுச்சு... நீ மறுநாள்லேருந்து வரலை. உன் இடம் அப்படியே கிடக்கு. ஒருத்தி வந்து நின்னா, விசிறியாலேயே முதுகுல ஒண்ணு போட்டேன்.

மிங்சியா: அடிச்சீங்களா?

ரோங்: தாளம் தப்பற மாதிரி லேசா...

மிங்சியா: சிரிப்பு மூட்டாதீங்க. நான் கோவமா இருக்கேன்.

ரோங்: இரு இரு... என்ன வாசனை இது?

மிங்சியா: எது?

ரோங்: பட்டைக் குச்சி. அடுப்புல சட்டி இன்னும் ஆவி விடுது பாரு!

மிங்சியா: அது... டீ.

ரோங்: மருந்துச் சட்டியில டீ போடற முதல் ஆளு நீதான். தள்ளு. அந்தத் தொட்டிக்கு அடியில என்ன வாளி, மூடியெல்லாம் போட்டு...

மிங்சியா: அதைத் திறக்காதீங்க!

ரோங்: சக்கை! வெள்ளைக் காளான் துண்டு, பட்டை, எல்லாம் இருக்கு. மேல கிடக்கறது இன்னும் சூடு ஆறலை... நிறுத்தலை நீ! குடிக்கற, கொட்ட மட்டும் மாட்டேங்கற. நோயைக் கொண்டாந்து வாளியில வளர்க்கறியா? இதை யாராவது மிதிச்சாத்தானே...

மிங்சியா: யாரு மிதிக்கறா? எல்லாரும் சுத்திட்டுத்தான் போறாங்க. தபால்காரர் சைக்கிளையே தூக்கிக்கிட்டுத் தாண்டறாரு.

ரோங்: எல்லாரும்னு எப்படிச் சொல்லுவ? யாராவது ஒருத்தர்...

மிங்சியா: செருப்படியில பட்டை வாசனைன்னீங்களே.

ரோங்: அது வழியில கிடந்துச்சு... கால் பட்டுடுச்சு.

மிங்சியா: போகும்போது ஒருதரம் பட்டுது. திரும்பி வந்து ஒருதரம் பட்டுது. அப்புறம் வலது கால், இடது கால்... ஆட்டத்துல கூட அவ்வளவு அழுத்தி மிதிச்சு நான் பார்த்ததில்ல.

ரோங்: ...பார்த்துட்டியா?

மிங்சியா: இந்த ஜன்னலை விட்டா எனக்கு வேற என்ன இருந்துச்சு?

ரோங்: சரி, மிதிச்சேன். இப்ப என்ன? நாக்கு செஞ்ச வேலைக்குக் காலாவது ஈடு கட்டட்டுமேன்னு பார்த்தேன். எங்க, உன் காலைக் காட்டு... காட்டுடி... அட! கணுக்கால் எலும்பு தெரியுதே!

மிங்சியா: நேத்து சிவப்புச் செருப்பைப் போட்டுப் பார்த்தேன். தானா உள்ள போயிடுச்சு.

ரோங்: பார்த்தியா! கே வைத்தியருக்குப் பாதி, என் காலுக்குப் பாதி! அப்புறம் எதுக்கு என்கிட்ட நிறுத்திட்டேன்னு பொய் சொன்ன? சக்கையை எதுக்கு மூடி ஒளிச்சு வச்ச?

மிங்சியா: அன்னிக்கு நீ மிதிச்சுட்டு, உன் வாசப்படியில உட்கார்ந்து கணுக்காலைப் பிடிச்சு விட்டுக்கிட்டிருந்த... என் வீக்கம் உன் காலுக்கு வந்துடுச்சோன்னு பயந்துட்டேன், அக்கா.