கை ஓடுகிற பாட்டு

மேடையில் பேசுகிறவனுக்குத் தொண்டைதான் முதல் என்பதால் நான் குளிர்ந்த தண்ணீர் குடிப்பதில்லை. நேற்று ஸ்டேஷனில் நீங்கள் கொடுத்த தண்ணீர் பாட்டிலைத் தொடாமல் வைத்திருந்ததற்குக் காரணம் அதுதான், பயம் அல்ல. பயம் விட்டுப்போய் ரொம்ப நாளாகிறது இன்ஸ்பெக்டர் ஐயா. இப்போது இருப்பது வெட்கம் மட்டும். நீங்கள் கேட்டபடி என் கைப்படவே எழுதித் தருகிறேன்.

என் பெயர் கண்ணுச்சாமி. சாத்தூர் பக்கம் வெள்ளைத்துரை முதலாளியின் பட்டாசு ஆலையில் பத்தொன்பது வருஷமாகப் போர்மேன். அது போக, பட்டிமன்றப் பேச்சாளர். சுற்றுவட்டாரத்தில் எந்தக் கோயில் பொங்கலுக்கு மேடை போட்டாலும் என்னைக் கூப்பிடுவார்கள். இன்றைய சினிமாப் பாட்டு வரிகள் இனிக்கின்றனவா, இடிக்கின்றனவா என்று தலைப்பு வைப்பார்கள். நான் எப்போதும் இடிக்கிற அணிதான். ஆலங்குளத்து சிமெண்ட் மிக்ஸரில் தமிழைப் போட்டுச் சுற்றினால் வருவதுதான் இன்றைய பாட்டு என்பேன். இப்போது வருகிற பாட்டில் நல்ல வரி ஒன்றே ஒன்று காட்டுங்கள், மேடையை விட்டே இறங்கிவிடுகிறேன் என்பேன். கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரமாகும்.

நல்ல வரிகள் இருந்தன. அது எனக்கு நன்றாகவே தெரியும். ஏனென்றால் அவற்றைத் தேடித் தேடி அழித்தவன் நான்.

எங்கள் ஆலையில் சரவெடி பின்னுகிற பெண்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துதான் வேலை பார்ப்பார்கள். பொழுது போகவில்லை, பாட்டு வையுங்கள் அண்ணாச்சி என்று ஒரு நாள் கேட்டார்கள். ஆலைக்குள் போனே கூடாது என்பது சட்டம். தினமும் காலையில் வாசலில் நின்று, அவர்கள் தூக்குவாளியைத் திறந்து பார்த்து உள்ளே விடுகிறவனே நான்தான். ஆனால் போர்மேனை யார் சோதிப்பது? சிம் போடாத ஒரு பழைய போனைப் பாட்டுக்கென்றே கொண்டுவந்தேன். சிறிய புளூடூத் ஸ்பீக்கர் ஒன்றை மரத்தில் தொங்கவிட்டேன். போன் என் சட்டைப் பையில் இருந்தது.

முதல் வாரத்திலேயே ஒன்றைக் கவனித்தேன். அர்த்தமுள்ள பாட்டு வந்தால் கை நின்றுவிடுகிறது. வெளிநாடு போன புருஷன் போன் பண்ணாத ஏக்கத்தைச் சொல்லும் புதுப் பாட்டு ஒன்று. அது ஓடினால் ஆவுடைத்தாய் என்கிற பெண் பின்னுவதை விட்டுவிட்டு முந்தானையால் மூக்கைச் சிந்துவாள். பக்கத்தில் இருப்பவள் ஆறுதல் சொல்லுவாள். அன்றைக்கு வேலை படுத்துவிடும். அர்த்தமே இல்லாத பாட்டு வந்தால் யாரும் எதையும் நினைப்பதில்லை. மேளம் அடிக்கிற அடிக்குக் கை தானாக ஓடுகிறது.

அதன் பிறகு வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு பாட்டாகக் கேட்டேன். ஒரு வரி மனதில் தைத்தால் அந்தப் பாட்டை அழித்தேன். பேச்சாளன் அல்லவா, நல்ல வரி எது என்று எனக்குச் சட்டென்று தெரிந்துவிடும். கடைசியில் போனில் நாற்பது பாட்டு மிஞ்சியது. நாற்பதிலும் ஒரு வாக்கியம்கூட முழுதாக இருக்காது. நான் மேடையில் திட்டுகிற பாட்டுகள் அவை. முதலாளி என்னைப் பாட்டு வைக்கச் சொல்லவில்லை. "நம்ம கண்ணுச்சாமி இருக்கான்ல, சீசன்ல லோடு ஒரு நாளும் பிந்தாது" என்று நாலு பேர் முன்னால் சொன்னார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் செய்தேன்.

போன வருஷம் தீபாவளிக்கு இருபத்தாறு நாள் இருக்கும்போது மருந்து அறையில் வேலை பின்தங்கியது. பேன்சி ரக வெடிக் குழாய்களில் வெடிமருந்து செலுத்துகிற அறை அது. அங்கே நான்கு பேர்தான் இருக்கலாம். பூப்போலத் தொட வேண்டும். வேகமாக அழுத்தினால் உராயும், உராய்ந்தால் பற்றும். எனக்குத் தெரியாததா? அதற்குத்தானே சான்றிதழ் வாங்கிப் போர்மேன் ஆனேன்.

இருந்தும் ஸ்பீக்கரைக் கொண்டுபோய் அந்த அறையின் வெளிச்சுவரில், ஜன்னலை ஒட்டி மாட்டினேன்.

அந்த அறையில் மூத்தவள் பொன்னுத்தங்கம். மறுநாளே என்னிடம் வந்தாள். "அண்ணாச்சி, இங்கன பாட்டு வேணாம். கை என் பேச்சக் கேக்க மாட்டேங்குது" என்றாள்.

"காதுல வாங்காம வேலையப் பாரு தாயி" என்றேன்.

"வார்த்தைனு ஒண்ணு இருந்தா அதைக் கேட்டுக்கிட்டு மனசு நிதானமா இருக்கும். இதுல என்ன இருக்கு? மொதல்ல வச்சீகளே, வெளிநாட்டுக்காரன் பாட்டு, அதையாவது போடுங்க."

அது அழிந்துபோய்விட்டது என்று சொன்னேன். பொய்யில்லை. அவள் திரும்பி உள்ளே போனாள்.

அடுத்த வாரம் பாட்டின் வேகத்தைக் கூட்டினேன். போனில் அதற்கு வசதி இருக்கிறது, விரலால் லேசாகத் தள்ளினால் போதும். முதல் நாள் கொஞ்சம், மறுநாள் இன்னும் கொஞ்சம். மூன்றாம் நாள் காலை பத்தேகாலுக்கு அறை வெடித்தது.

நான்கு பேரும் செத்தார்கள். சூலக்கரையிலிருந்து தொழிற்சாலை ஆய்வு அதிகாரிகள் வந்தார்கள். பொன்னுத்தங்கம் போனில் பாட்டுக் கேட்டபடி வேலை பார்த்ததுதான் காரணம் என்று எழுதிக் கொடுத்தேன். போன் அவள் கையில் இருந்தது என்றும் எழுதினேன். அதுவும் பொய்யில்லை. வாசலில் சோதித்தும் எப்படி உள்ளே வந்தது என்று கேட்டார்கள். மாருக்குள் ஒளித்துக் கொண்டுவந்திருப்பாள் என்றேன். அப்போது அவள் மகள் பிரீத்திகா பக்கத்தில்தான் நின்றாள்.

மரத்தடிப் பெண்களுக்கு உண்மை தெரியும். உண்மை வெளியே வந்தால் ஆலைக்குச் சீல் வைப்பார்கள், எல்லாருக்கும் வேலை போகும் என்றேன். ஆவுடைத்தாய் என் முகத்தைப் பார்க்காமல், "நாங்க ஒண்ணும் பாக்கல அண்ணாச்சி, எங்க வீட்ல அடுப்பு எரியணும்ல" என்றாள். அவர்களையும் என்னோடு சேர்த்துப் பொய்யர்களாக்கினேன்.

அந்தப் போனிலிருந்த நாற்பது பாட்டையும் அதிகாரிகள் போட்டுப் பார்த்தார்கள். அந்தச் செய்தி ஊருக்குள் பரவியது. இந்தக் கண்றாவியைக் கேட்க ஆசைப்பட்டுத்தானா பொன்னுத்தங்கம் மூன்று குடும்பத்தை அழித்தாள் என்று டீக்கடையில் பேசினார்கள். நான் அங்கே உட்கார்ந்து வடை தின்றேன்.

அதோடு விட்டிருந்தால் இங்கே வந்திருக்கவே மாட்டேன். இந்தப் பங்குனிப் பொங்கலுக்கு மேடை போட்டார்கள். அதே தலைப்பு. பேச்சு ஓங்கும்போது வாயில் வந்துவிட்டது: "அர்த்தமில்லாத பாட்டு ஆளைக் கொல்லுமா என்று கேட்கிறீர்களே, நம் ஊரிலேயே நான்கு பேரைக் கொன்றது." நான் பேசியதிலேயே அதற்குத்தான் கைதட்டல் அதிகம். மாலை போட்டார்கள். நான் குனிந்து வாங்கிக்கொண்டேன்.

கீழே இறங்கினால் பிரீத்திகா நிற்கிறாள். விருதுநகரில் நர்சிங் படிக்கிற பிள்ளை. கோபமே இல்லாமல் பேசினாள்.

"மாமா, எங்கம்மா அந்த மாதிரிப் பாட்டு கேக்காது. வார்த்தை வெளங்காத பாட்டு வந்தா டிவிய அமத்திரும். நீங்க அம்புட்டு வருசம் கூட இருந்தீக, ஒங்களுக்குத் தெரியாதா?"

"மனுசருக்கு உள்ளுக்குள்ள என்ன ஆசை இருக்கும்னு யாருக்குத் தாயி தெரியும்" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். "நானும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டேன் மாமா. செத்துப்போன மூணு பேரு வீட்டுக்கும் போய், எங்கம்மாவ மன்னிச்சிருங்கன்னு கேட்டுட்டு வந்துட்டேன். ஒரு வீட்ல கதவத் தெறக்கல."

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பிள்ளை எதற்காக ஒரு மூடிய கதவின் முன்னால் நிற்க வேண்டும்? நிற்க வேண்டியவன் நான்.

மிச்சம் ஒன்று இருக்கிறது. வேகத்தைக் கூட்டியதைக்கூட நேற்று உங்களிடம் சொல்லிவிட்டேன், இதைச் சொல்ல நாக்கு வரவில்லை.

வெடித்ததும் பெண்களெல்லாம் பழக்கப்படி வாசலுக்கு ஓடினார்கள். நான் மட்டும் அறையை நோக்கிப் போனேன். கண்ணுச்சாமி உயிரைப் பெரிதாக நினைக்காமல் காப்பாற்றப் போனான் என்று முதலாளி பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். நான் போனது ஸ்பீக்கருக்காக. சுவரோரம் தெறித்துக் கிடந்த அதை எடுத்துக் கிணற்றில் போட்டேன். அப்புறம்தான் சட்டைப் பையிலிருந்த போன் ஞாபகம் வந்தது.

பொன்னுத்தங்கம் அறைக்கு வெளியே தூக்கி எறியப்பட்டுக் கிடந்தாள். அவளுக்குக் கண் தெரிந்திருக்காது. என் செருப்புச் சத்தம் கேட்டிருக்கும். "அண்ணாச்சி, வந்துட்டீகளா" என்றாள். அது தெளிவாகவே கேட்டது. தூக்கிவிடுவேன் என்று கையை நீட்டினாள். நான் குனிந்து, அந்தக் கையில் போனை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டேன். அதை என் கை என்று நினைத்திருப்பாள் ஐயா, இறுகப் பிடித்துக்கொண்டாள்.