திங்கக்கெழம கணக்குப் பரிச்ச

பூவா? இன்னைக்குப் பூக்கூட எடுத்தாரல தாயி. ஒன்னையப் பாக்கத்தான் கன்னிவாடியிலருந்து மொத பஸ்ஸுல வாரேன். ஒங்கம்மா வெளிய போயிருக்காகளா? அதுவும் நல்லதுதான். நர்கீசு, ஒன் நோட்டுல ஒரு தாளக் கிழிச்சுக்கிட்டு இப்பிடி ஒக்காரு. எம்மகன் சடையாண்டிக்கு ஒரு காயிதம் எழுதணும்.

ஆமா, இதே திண்டுக்கல்லுலதான் ஆஸ்டல்ல இருக்கான். நேர்ல போயிச் சொன்னா என்னன்னு கேக்குற. போனா எம் மூஞ்சியப் பாத்துருவானே தாயி.

பொறு, என்ன எழுதணும்னு சொல்றேன். அவனுக்கு எஸ்.எஸ்.எல்.சி. பரிச்ச நடக்குது. தமிழும் இங்கிலீசும் முடிஞ்சிருச்சு. வார திங்கக்கெழம கணக்கு. அதுதான் உசுராம். மெட்ராசுல ஒரு காலேசு இருக்காம்ல, அம்புட்டு ஜில்லாப் பயலுகளும் அங்க போயித்தான் முட்டுவாய்ங்களாம். நூறு பேரு கேட்டா மூணு பேருக்கு எடங் கெடைச்சாப் பெரிசாம். எங்க வகையறாவுல அஞ்சாப்பத் தாண்டுன ஆளே கெடையாது. இவனக் கண்டெடுத்தது கணக்கு வாத்தியாரு சௌகத் அலி சாருதான். ரெண்டு வருசமா, கோழி கூப்புட இவன எழுப்பித் தன் வீட்டுல வச்சுச் சொல்லிக் குடுத்தாரு. மெட்ராசுல கூப்புட்டு இங்கிலீசுல கேள்வி கேப்பாகளாம், வாயத் தொறந்து பேசிப் பழகுடான்னுருக்காரு. இந்தப் பய லீவுக்கு வந்தா ஏர் ஓட்டிக்கிட்டே மாட்டுகிட்ட இங்கிலீசு பேசுவான். மாடு மெரண்டு போயி நின்னுக்கிரும். அவன் தங்கச்சி சுந்தரம் வரப்புல உருண்டு உருண்டு சிரிப்பா.

ஒன் வயசுதான் அவளுக்கும். ஒரு வயசு கொறையும். அண்ணன்னா அவளுக்கு உசுரு. அவனும் அப்பிடித்தான். வாரந் தவறாம காயிதம் போடுவான், அவ பதில் போடுவா. இந்த வாரம் பதில் வரலையா, நேத்துக் கண்டக்டர்ட்டச் சொல்லி விட்டுருக்கான். சனி, ஞாயிறு பரிச்ச இல்ல, வந்து தங்கச்சியப் பாத்துட்டுப் போறேன்னு.

வரப்படாது தாயி. மார்கழியில இப்பிடித்தான், அரைப்பரிச்ச நேரம். அவ புளியமரத்துலருந்து விழுந்து கைய முறிச்சுக்கிட்டா. இங்க ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கியாந்தோம். யாரோ போயிச் சொல்லிப்புட்டாக. போட்டது போட்டபடி ஓடியாந்தவன், ரெண்டு நாளும் அவ கட்டில விட்டு அசையல. ரெண்டு பரிச்ச போச்சு. வாத்தியாரு என்னையக் கூப்புட்டு விட்டாரு. இது அரைப்பரிச்ச, போனாப் போகுது, பங்குனியில இப்பிடி ஒண்ணு நடந்துச்சுன்னா மெட்ராச மறந்துருங்கம்மா, வீட்டுச் சங்கதி எதுவும் அவன் காதுக்கு வரப்படாதுன்னாரு. நல்லதுக்குத்தான் சொன்னாரு. நான் அதையே புடிச்சுக்கிட்டேன்.

போன வெள்ளிக்கெழம சுந்தரத்துக்குக் காச்ச. மேலு அனலாக் கொதிச்சுச்சு. எங்க வீட்டுக்காரரு வண்டியப் பூட்டுறேன், திண்டுக்கல்லுக்குப் போவோம்னாரு. நாந்தான் நொகத்தடியப் புடிச்சுக்கிட்டு விடல. ஆஸ்பத்திரிக்கும் ஆஸ்டலுக்கும் கூப்புடு தூரந்தான? திங்கக்கெழம பரிச்ச ஆரம்பம். காச்சதான, கசாயத்துல எறங்கிரும், ரெண்டு நாளு பொறுங்கன்னேன். அவளும் அதத்தான் சொன்னா. அண்ணனுக்குப் பரிச்சம்மா, சொல்லிப்புடாதன்னா. கசாயம் குடிச்சா, வாந்தி எடுத்தா. திங்கக்கெழம விடியக்குள்ள கண்ணு சொருகிருச்சு. அப்பறந்தான் வண்டியப் பூட்டச் சொன்னேன்.

எந்த ஆஸ்பத்திரியா? இல்ல தாயி, ஆஸ்பத்திரிக்கு வரல. பாதி வழியில வண்டியத் திருப்பிட்டோம்.

அவன் இங்க தமிழ்ப் பரிச்ச எழுதிக்கிட்டு இருந்தான். அந்நேரம்.

ஏன் பேனாவக் கீழ வச்சுட்ட? எடு. ஊருல அம்புட்டுப் பேரு கையையும் புடிச்சுக் கேட்டுட்டேன், யாரும் சொல்ல மாட்டாக. எங்க வீட்டுக்காரரு மட்டும் எங்கிட்டப் பேசுறதில்ல. பேச வேணாம். இன்னும் மூணு பரிச்ச. அது முடியட்டும், நானே போயி எம்மகன் முன்னாடி நிக்கிறேன். வெட்டுனாலும் சரி. இப்பச் சொன்னா ரெண்டும் போயிரும்ல தாயி?

அழுகாத. தாளு நனைஞ்சிரும். பெரியவுக எழுதுனா கண்டுபுடிச்சிருவான்னுதான் ஒங்கிட்ட வந்தேன். சுந்தரமே எழுதுற மாதிரி, எனக்குக் காச்ச வந்துச்சு, நின்னுருச்சு, அதான் எழுதல, நீ வர வேணாம், பரிச்சய முடிச்சுட்டு வான்னு எழுது. அம்புட்டுத்தான். ஆஸ்டல் சமையக்காரரு கையில, கண்டக்டரு குடுத்ததாச் சொல்லிக் குடுத்துட்டுப் போயிருவேன்.

அண்ணன்னு வர எடத்துல மட்டும் பாத்து எழுது. சரியா எழுதிப்புடாத. எனக்கு எழுத்துத் தெரியாது, அவன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். மூணு சுழி போடுடின்னு எம்புட்டுச் சொல்லிக் குடுத்தாலும் இந்தக் கழுத ரெண்டு சுழிதான் போடுதும்மான்னு.

ரெண்டு சுழியே போடு தாயி.