எழுத்து கருகக்கூடாது

“சைக்கிள் போனாப் போவுது மாமா, எழுத்து கருகக்கூடாது.”

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ். யுத்தகாலப் பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரியில் ஓடியது. கரியடுப்புக்கு முதுகைக் காட்டி, உயிரைக் கையில் பிடித்திருந்த நான் திரும்பிப் பார்த்தேன். ஒரு மாமாவும் மச்சானும். நடுவில் விரிசல் விட்ட சைக்கிள் சட்டம். விரிசலுக்கு நாலு விரற்கடை தள்ளி வெள்ளைப் பெயிண்டில் ஒரு பெயர்.

“வெல்டிங் சூட்டுல பெயிண்ட் பொங்கத்தான்டா செய்யும். வேற எழுதிக்க.”

“தம்பி கையால எழுதுனது மாமா. பட்டாளத்துக்குப் போனவன், ஒரு வருசமா சேதியே இல்ல.”

மாமா அந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

“எழுத்து மேல ஈரக் களிமண்ணக் கனமா அப்பிட்டா, சூடு அதத் தாண்டாது.”

வெள்ளாற்றங்கரையில் கரி போட பஸ் நின்றது. வெடிக்கப்போகிறதென்று முதலில் குதித்தவன் நான். எனக்குப் பின்னால் இறங்கிய மாமா, தன் வெள்ளைத் துண்டு நிறையக் களிமண் அள்ளி வந்தார்.

“வெல்டிங் பட்டறையில இல்லாத மண்ணா மாமா?”

“அவுங்க மண்ணுல மணல் ஜாஸ்தி, காஞ்சா உதுந்துரும். எழுத்து கருகிப்போனா, வந்து பாத்துட்டு உந்தம்பி என்னையில்ல கேப்பான்?”